‘கமரா’ என்ற சொல் தொடர்பாக மைத்துனருக்கு ஒரு விளக்கம்

பூவரசங்குளம்,
ஆவணி, 1962.

செட்டிகுளம் பெருங் கமக்காரர் ஏரம்பு மைத்துனர் அவர்களின் மேலான சமுகத்துக்கு, செல்வநாயகம் பணிவுடன் எழுதிக்கொள்வது:

தாங்களும் தங்கள் பாரியாரும் மகன் தம்பி கனகலிங்கமும் சுகமாய் வீடு சேர்ந்திருப்பீர்கள் என நம்புகிறேன். தாங்கள் புறப்பட்ட வேகத்தைப் பார்த்தபோது அதில் எனக்குச் சிறிது ஐயம் இருந்தது. பிறகு வாடகைக் கார்க்காரன் கடையடிக்கு வந்து, ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை, வழி முழுக்க ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று சொன்னதாகக் கேள்விப்பட்டு ஆறுதலடைந்தேன். இங்கே நாங்களும் சுகம். குளம் அடிவரை வற்றிவிட்டது. கடிதத்தின் தலையில் முதலில் ‘சம்பந்தி’ என்றுதான் எழுதினேன். விசாரணை முடியுமுன் தீர்ப்பை எழுதுவது முறையல்ல என்று தோன்றியதால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு ‘மைத்துனர்’ என்று எழுதுகிறேன். என் மனைவி இரஞ்சிதம் தங்கள் சிறியதகப்பனாரின் மகள் என்பதை எந்தக் கலியாணப் பேச்சு குழம்பினாலும் மாற்ற முடியாது.

தரகர் அப்புத்துரை வந்து தங்கள் மனத்தாங்கலை ஒன்றும் விடாமல் சொன்னார். பெண் பார்க்க வந்த வீட்டில் என்னுடைய வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்காரன் தங்களைக் கட்டிப்பிடித்து இழுத்ததாகவும், நல்ல காரியம் பேச வந்த வேளையில் வீட்டுக்குள் பிள்ளை பிறந்து வீடு துடக்காய்த் தீட்டுப்பட்டுவிட்டதாகவும், எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவர்கள் கூப்பிட்டும் பெண் வெளியே வரவில்லை என்றும் அவர் சொன்னார். இவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவும் ஒரேயொரு சொல்லால் வந்தவை. நீதவான் கோட்டில் ஆயுள் முழுக்க மொழிபெயர்ப்பு முதலியாராய் நின்று, ஒருவர் வாயிலிருந்து வந்ததை மற்றவர் காதுக்குச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே இது நடந்ததால் விளக்கம் தரவேண்டிய பொறுப்பு எனக்கு உண்டு.

அன்று மத்தியானம் மன்னார்ப் பக்கமிருந்து வந்த பழைய ஜீப் ஒன்று எங்கள் வாசற்படலைக்கு நேரே நின்று புகைவிட்டது. அதிலிருந்து ஒரு வெள்ளைக்கார இளைஞன் இறங்கினான். பெயர் புரூனோ என்பதும், இத்தாலி தேசத்தவன் என்பதும், பழைய கோட்டைகளைப் பார்த்து வரைபடம் கீறுகிறவன் என்பதும் பிறகு தெரிந்தவை. வண்டிக்குள் அவன் பெண்சாதி முன்பக்கக் கம்பியைப் பிடித்தபடி குனிந்திருந்தாள். நான் அப்போது தங்கள் வரவுக்காக விறாந்தையில் கதிரைகளைத் துடைப்பித்துக்கொண்டிருந்தேன். அவன் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்து, “பிளீஸ், காமெரா. மை வைஃப். காமெரா” என்றான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீசு அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமானதாய் இருந்தது என்பதுதான் துரதிர்ஷ்டம். மகள் அருந்ததியை ஒரு படம் எடுத்து வைக்கும்படி தாங்கள் சொல்லியனுப்பியிருந்தபடியால், காலையிலிருந்தே கமராவைப் பற்றித்தான் வீட்டில் கதை. எதிர்க்கடை அப்துல் மஜீதிடம் ஒரு பெட்டிக் கமரா உண்டு. பின்னேரம் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். மனிதன் தன் மனைவியைப் படம் பிடிக்கக் கமரா இரவல் கேட்கிறான், அவனுடையது பழுதாகியிருக்கும் என்று நான் முடிவு செய்தேன். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு இந்தச் சிறு உதவியைச் செய்வது கடமை என்று மஜீதுக்கு ஆளனுப்பினேன்.

மஜீத் சட்டை மாற்றிக்கொண்டு கமராவுடன் வந்தார். வெயில் முகத்தில் விழ வேண்டும் என்று அந்தப் பெண்ணை ஜீப்பிலிருந்து இறக்கிப் படலைத் தூணோடு நிறுத்தினோம். அவள் நிமிர மாட்டேன் என்றாள். அவள் எந்த நிலையில் இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த நிலையில் உள்ளவர்களுக்குப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசை வருவது இயல்பு என்று அதையும் என் முடிவுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு “காமெரா, காமெரா” என்று சத்தமிட, மஜீத் பெட்டிக்குள் பார்த்தபடியே, “இதோ எடுக்கிறன் துரை. முதலியார், அந்தப் பொம்பிளையைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கோ” என்றார். நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மஜீத் எடுத்தும்விட்டார். புரூனோ அதைப் பார்த்துவிட்டு வீதியில் குந்தியிருந்து அழத் தொடங்கினான். படம் எடுத்ததற்கு ஒருவர் அழுவதை நான் அன்றுதான் கண்டேன்.

குசினிக்குள் உழுத்தம்மா பிசைந்துகொண்டிருந்த இரஞ்சிதம் இதெல்லாம் என்னவென்று கேட்டாள். விருந்தாளிகள் வருகிற நேரத்தில் பெண்கள் இதற்குள் தலையிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த இடத்தில் எழும்பிய புரூனோ, கையால் எங்கள் வீட்டைக் காட்டி, “இன் காமெரா! இன் காமெரா!” என்றான். மைத்துனரே, எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாங்கள் வழக்குகளுக்காக வவுனியாவுக்கு வந்து போகிறவர்; தங்களுக்கும் இது தெரிந்திருக்கும். கோட்டில் குடும்ப இரகசியங்கள், பெண்பிள்ளைகளின் மானம் சம்பந்தப்பட்ட வழக்குகள் வந்தால், சனத்தை வெளியேற்றிக் கதவைப் பூட்டிவைத்து நீதவான் விசாரிப்பார். அதற்கு ‘இன் கமரா’ என்று பெயர், இலத்தீன் சொல். இந்தப் பிள்ளைகள் தாய்தகப்பனுக்குத் தெரியாமல் ஓடிவந்தவர்கள், நான் கோட்டுக்காரன் என்று யாரோ சொல்லிக் கேட்டு, அந்தரங்கமாய் ஒரு வாக்குமூலம் தர வந்திருக்கிறார்கள், வீதியில் வைத்துப் படம் எடுத்ததால்தான் மனம் நொந்து அழுகிறார்கள் என்று பட்டது. மஜீதைப் போகச் சொன்னேன். விறாந்தை தங்களுக்காக ஒழுங்கு செய்யப்பட்டிருந்தபடியால் இருவரையும் அருந்ததியின் அறைக்குள் கூட்டிப்போனேன். அவளை வெளியே அனுப்பினேன். யன்னல்கள் எல்லாவற்றையும் சாத்தி, வெளியே ஒரு சொல்லும் போகக்கூடாது என்பதற்காகக் கதவின் அடியிடுக்கில் சாக்குத் துணியும் அடைத்தேன். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டு, தாளும் பேனாவும் எடுத்து, மேசைக்குப் பின்னால் அமர்ந்து, “யூ மே புரொசீட்” என்றேன்.

புரூனோ சுற்றிப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். “காமெரா” என்று மெதுவாய், பெருமூச்சுவிட்டுச் சொன்னான். வந்து என் கைகளில் முத்தமிட்டான். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, சாட்சிக்கூண்டுக்குரிய மரியாதை எதுவும் இல்லாமல், கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள். நான் பேனாவுடன் காத்திருந்தேன். அவன் என் தோளை அன்புடன் தட்டிக் கதவைக் காட்டினான். நான் போகவில்லை. விசாரணையை நடத்துகிறவரே வெளியேறினால் அது எப்படி விசாரணையாகும்? பிறகு அவள் போட்ட சத்தத்தில் பேனா என் கையிலிருந்து விழுந்துவிட்டது. கதவு திறந்தது. தங்களுக்காகப் புதுச் சேலை உடுத்துத் தலைவாரிப் பூ வைத்திருந்த அருந்ததி உள்ளே வந்தாள். அவள் ஒருவரிடமும் என்ன மொழி என்று கேட்கவில்லை. கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அப்பா, வெளியிலை போங்கோ. மஜீத் அண்ணையின்ரை வீட்டுக்குப் போய் நபீஸா அக்காவை வரச் சொல்லுங்கோ. அம்மாட்டைச் சுடுதண்ணி கேளுங்கோ.”

எத்தனையோ நீதவான்மார் முன்னால் நின்றவன் நான். ஒருவரும் என்னை அப்படி வெளியேற்றியதில்லை. போனேன். மஜீதின் மனைவி நபீஸா இந்தப் பக்கத்தில் அநேகம் பிள்ளைகளைக் கையில் ஏந்திய பெண். அவர் வந்து உள்ளே போனார், புரூனோவை வெளியே தள்ளினார், கதவு சாத்தப்பட்டது, நான் அடைத்த சாக்கையும் காலால் இழுத்துச் சரியாய் அடைத்துவிட்டார் என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும், கடிதத்தின் பிற்பகுதியில் அது தேவைப்படும். புரூனோவின் காற்சட்டை இதற்குள் இருந்த நிலையைப் பெரியவர்களுக்கு எழுத முடியாது. ஆகவே வேட்டி கொடுத்தேன். கட்டத் தெரியாமல் நெஞ்சுக்கு மேலே சுற்றியிருந்தான். தாங்கள் அதை அவமரியாதை என்று கருதியது நியாயமே; அவன் அதைப் பாதுகாப்பு என்று கருதினான்.

இந்த நேரத்தில்தான் தங்கள் கார் வந்தது. தாங்கள் வெள்ளைக் கோட்டும் சால்வையும் அணிந்து, பின்னால் பாரியார் தட்டத்துடன் வர, ஒரு கனவானுக்குரிய நடையோடு படலையைத் திறந்தீர்கள். புரூனோ வெள்ளைக் கோட்டைத்தான் கண்டான். “டொத்தோரே” என்று கத்திக்கொண்டு ஓடிவந்து தங்களை அணைத்து அறைப் பக்கமாக இழுத்தான். டாக்குத்தர் என்பதை அவர்கள் அப்படிச் சொல்கிறார்களாம். தாங்கள் அவனிடம், நான் டாக்குத்தர் இல்லை, நெல்லுக்காரன் என்று சொன்னீர்கள், அவனுக்கு விளங்கவில்லை. நான் இடையில் புகுந்து, இது இன்-கமரா விடயம், ஒருவரும் உள்ளே போகக்கூடாது என்று சொன்னேன்; தங்களுக்கும் விளங்கவில்லை. அந்தச் சொல்லை அந்த நேரத்தில் பாவித்ததற்காக வருந்துகிறேன். பழக்கம்.

பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியும். ஆனாலும் வரிசை விடாமல் எழுதுகிறேன். தங்களைக் கதிரையில் இருத்தினோம். இரஞ்சிதம் வடையும் கோப்பியும் வைத்தாள். புரூனோ தங்கள் எதிரே நிலத்தில் அமர்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான். ஒருவரும் ஒன்றும் கேட்காத மாதிரி நாங்கள் எல்லோரும் இந்த வருடத்து நெல்விலை பற்றிக் கதைத்தோம். உள்ளிருந்து ஒவ்வொரு சத்தம் வரும்போதும் விலை சிறிது ஏறியது. நல்ல நேரம் தப்பப் போகிறது என்று தங்கள் பாரியார் சொல்ல, இரஞ்சிதம் அறைவாசலில் நின்று கூப்பிட்டாள். அருந்ததி வரவில்லை. தங்கள் பாரியாரும் எழுந்துபோய், “பிள்ளை, மாமி வந்திருக்கிறன், ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ” என்றார். வரவில்லை. மறுபடியும் இரஞ்சிதம் கூப்பிட்டாள். அதற்குப் பதிலாய் உள்ளே ஒரு குழந்தை அழுதது.

புரூனோ எழும்பி, எங்கே போவது என்று தெரியாமல், விறாந்தையைச் சுற்றி ஓடினான். தாங்கள் கோப்பியைத் தொடாமல் எழுந்தீர்கள். “செல்வநாயகம், பிள்ளைப்பேறு நடந்த வீட்டிலை நல்ல கதை கதைக்கேலாது. துடக்கு. அதோடை, கூப்பிட்டால் வராத பொம்பிளையை நாங்கள் கூட்டிக்கொண்டுபோய் என்ன செய்யிறது?” என்றீர்கள். இந்த வார்த்தைகளை அப்படியே எழுதியிருக்கிறேன். என் தொழில் அது. எல்லோரும் காருக்குப் போனபின் தம்பி கனகலிங்கம் மாத்திரம் படலையில் திரும்பி நின்று, “மாமா, ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?” என்று கேட்டார். தாங்கள் காருக்குள்ளிருந்து அவரைக் கூப்பிட்ட சத்தத்தில் நான் பதில் சொல்லவில்லை. பெண்பிள்ளை. அதை யார் கேட்டது என்று அருந்ததி பிறகு என்னிடம் விசாரித்தாள். சொன்னேன்.

மறுநாள் மடு மாதா கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்த வயதான பிரெஞ்சுச் சுவாமியார் ஒருவர் செய்தி கேட்டுச் சைக்கிளைத் திருப்பி வந்தார். அவர் அந்தப் பிள்ளைகளோடு இத்தாலியத்தில் கதைத்துவிட்டு வெளியே வந்து, சாய்மனைக் கதிரையில் விழுந்து, கண்ணீர் வருமட்டும் சிரித்தார். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். ‘காமெரா’ என்றால் இத்தாலியத்தில் அறை. அந்தப் பிள்ளை தன் பெண்சாதி படுக்க ஓர் அறை கேட்டிருக்கிறான். ‘இன் காமெரா’ என்றால் அறைக்குள்ளே, அவ்வளவுதான். இதே சொல் பழைய இலத்தீனில் வளைந்த கூரையைக் குறித்ததாம். பிறகு அப்படிக் கூரை போட்ட அறையைக் குறித்ததாம். இருட்டறைச் சுவரில் ஒரு துளை போட்டால் வெளியே உள்ளது உள்ளே தலைகீழாய்த் தெரியும் என்று கண்டு, ‘இருட்டறை’ என்று இலத்தீனில் பெயர் வைத்தார்கள். இங்கிலீசுக்காரர் இருட்டை விட்டுவிட்டு அறையை மாத்திரம் தூக்கிக்கொண்டு போய்ப் படம் பிடிக்கும் பெட்டிக்கு வைத்தார்கள். சுவாமியாரின் சொந்த மொழியில் அதே சொல் சினிமா எடுக்கும் பொறியாம்; மஜீதின் பெட்டியை அங்கே யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்களாம். போர்த்துக்கேயரிடம் போனால் அது அறையும்தான், நகரசபையும்தான். அங்கே நின்று இந்தப் பிள்ளை இதே சத்தம் போட்டிருந்தால் அவனைத் தலைவரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். ஒரே அறையில் படுத்தெழும்புகிறவன் என்ற கருத்தில் ஸ்பானியர் அதிலிருந்து ஒரு சொல்லைச் செய்தார்களாம்; அதைத்தான் நம் சிவப்புச் சட்டைத் தம்பிமார் மேடையில் தோழரைக் ‘கொம்றேட்’ என்கிறார்கள். கோட்டுக்காரர் பூட்டிய கதவுக்கு அதை வைத்துக்கொண்டார்கள். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்ற இரஞ்சிதம், “அப்ப நாங்கள் காம்பரா எண்டு சொல்லுறது?” என்று கேட்டாள். அதுவும் அதுதான், போர்த்துக்கேயர் விட்டுப்போனது என்றார் சுவாமியார். சிங்களத்திலும் அறைக்குக் ‘காமரய’ என்றுதான் பெயராம். அரசாங்க உத்தியோகத்தருக்குக் கட்டாயமாக்கிய அந்தச் சிங்களப் பரீட்சைக்கு இருக்க மாட்டேன் என்றுதான் நான் நேரத்தோடு ஓய்வெடுத்தவன். இருந்திருந்தால் முதற்பாடத்திலேயே அந்தச் சொல் வந்திருக்கும். அந்தப் பெண்ணை வெயிலில் நிறுத்திச் சிரிக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

இனித் தங்கள் குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். புரூனோ இழுத்ததற்குத் தங்கள் கோட்டே காரணம் என்பது தெளிவு. துடக்கைப் பொறுத்தவரை, அது இரத்த உறவினருக்கு மாத்திரம் உரியது. புரூனோவின் வம்சாவளியை அவன் பாட்டன்வரை சுவாமியார் மூலம் விசாரித்தேன். எந்த இடத்திலும் எங்கள் பக்கத்தோடு கலப்பில்லை. ஐயரையும் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, வீடு கழுவித் தெளித்தால் போதும் என்றார். கழுவியாயிற்று. தாயையும் பிள்ளையையும் வவுனியா ஆசுப்பத்திரியில் காட்டினோம், இருவரும் நலம். ஒரு கிழமை எங்களோடு இருந்துவிட்டுக் கொழும்புக்குப் போனார்கள். போகும்போது அந்தப் பெண் அருந்ததியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றாள். ஜீப் மாத்திரம் இன்னும் எங்கள் படலையடியில் நிற்கிறது. கோழிகள் அதற்குள் முட்டையிடுகின்றன.

எல்லாவற்றிலும் பாரமான குற்றச்சாட்டு, பெண் கூப்பிட வரவில்லை என்பது. இதற்கு என் பதில் சுருக்கமானது, மறுக்க முடியாதது. அருந்ததிக்குக் கேட்கவில்லை. யன்னல்கள் சாத்தியிருந்தன; கதவின் கீழே சாக்கு அடைத்திருந்தது; அடைத்தவன் நானே. உள்ளே அந்தப் பெண் போட்ட சத்தமும் சிறிதல்ல. ஓர் அழைப்பாணை உரியவர் கையில் சேராதபோது, அவர் முன்னிலையாகவில்லை என்று தண்டிக்க எந்தக் கோட்டுக்கும் அதிகாரமில்லை. கேட்டிருந்தால் என் பிள்ளை அந்தக் கணமே தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தங்கள் முன் நின்றிருப்பாள். அவள் அப்படித்தான் வளர்க்கப்பட்டவள் என்று உறுதி கூறுகிறேன். ஆகையால் நடந்ததை மறந்து, எங்களைப் பொறுத்தருளி, அடுத்த நல்ல நாளொன்றில் மறுபடியும் வந்து பிள்ளையைப் பார்க்கும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன். கோட்டுப் போடாமல் வந்தால் இன்னும் நல்லது.

தங்கள் வீட்டில் பிள்ளைகள் பெருகவும், வயலில் நெல் பெருகவும், மாரி பிந்தாமல் வரவும் குளக்கட்டுப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

அன்புள்ள மைத்துனன்,
க. செல்வநாயகம்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதை அருந்ததிக்கு வாசித்துக் காட்டினேன், தனக்காக ஒரு தகப்பன் எவ்வளவு பாடுபட்டிருக்கிறான் என்று தெரியட்டும் என்று. கடைசிவரை கேட்டாள். பிறகு, “அப்பா, எனக்குக் கேட்டது” என்றாள். நான் விளங்காதவன்போல் இருந்தேன். “அம்மா கூப்பிட்டதும் கேட்டது, மாமி கூப்பிட்டதும் கேட்டது. கட்டிலிலை கிடந்தவா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தவா. நான் விட்டிட்டு வரேல்லை. அப்பிடியே எழுதுங்கோ” என்றாள். எங்கள் தரப்பு முழுவதும் அந்தச் சாக்குத் துணியில்தான் நிற்கிறது என்று எடுத்துச் சொன்னேன். அப்படியென்றால் தரப்பு வேண்டாம், அதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் வரட்டும் என்றாள். இனி இவ்வளவையும் திரும்ப எழுத எனக்குக் கை வராது. ஆதலால், அவளுக்குக் கேட்கவில்லை என்ற இடத்திலிருந்து பொறுத்தருளக் கேட்ட இடம் வரைக்கும் தாங்களே கோடுபோட்டு வெட்டிவிட்டு வாசிக்கவும். அவளை எப்படி வளர்த்தேன் என்று நான் செய்த சத்தியமும் அதற்குள் அடங்கும். வெட்டியபின் கடிதத்தில் ஒரு நியாயமும் மிஞ்சாது. ஆனாலும் கையொப்பத்தை விட்டுவைக்கவும்.